அதிபரைப் பதவி நீக்க வேண்டுமா? அமெரிக்க விவாதத்தில் முதன்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபரை நீக்க வேண்டுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், எதிரெதிரே உட்கார்ந்து வாதிடும் இருவர் பெரும்பாலும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "அவர் அதைச் செய்தது உண்மை" என்பார் ஒருவர். "அதற்காக ஒரு அதிபரை வீட்டுக்கு அனுப்புவதா?" என்பார் மற்றவர். இருவரும் அரை மணி நேரம் பேசிய பின்பும் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்திருக்க மாட்டார். எனவே இந்த விவாதத்துக்குப் புதிதாக வருபவர் முதலில் கைக்கொள்ள வேண்டியது, மூன்று கேள்விகளை ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருக்கும் பழக்கம். சொல்லப்படும் செயலை அதிபர் செய்தாரா? செய்திருந்தால், அது பதவி நீக்கத்துக்கு உரியதென்று அரசமைப்பு கருதும் வகையைச் சேர்ந்ததா? அப்படியே ஆனாலும், இந்த நேரத்தில் நீக்கம்தான் தக்க தீர்வா?

இந்தப் பிரிவினை ஏட்டளவில் நிற்பதன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் உறுப்பினர்களே இதன்படி வாக்களித்திருக்கிறார்கள். 1999இல் பில் கிளிண்டன் மீதான விசாரணையில், மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட், கிளிண்டன் சத்தியப் பிரமாணத்துக்குப் பின் பொய் சொன்னார் என்பதில் தமக்கு ஐயமில்லை என்று வெளிப்படையாகவே கூறிவிட்டு, நீக்கம் நாட்டுக்கு நல்லதன்று என்ற முடிவில் விடுவிப்புக்கு வாக்களித்தார். அவரது மறுப்பு மூன்றாவது கேள்வியைச் சார்ந்தது. 2020இல் டென்னசியின் லாமர் அலெக்சாண்டர், உக்ரைன் விவகாரத்தில் டொனால்ட் டிரம்ப் செய்தது முறையற்றதென்பது நிரூபிக்கப்பட்டுவிட்டதாகவும், ஆனால் அது அரசமைப்பு கோரும் அளவை எட்டவில்லை என்றும் சொன்னார். அது இரண்டாவது கேள்விக்கான பதில். 2021இல் மிட்ச் மெக்கானல், நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதலுக்கு நடைமுறையிலும் தார்மிகத்திலும் டிரம்ப்தான் பொறுப்பு என்று கூறிய கையோடு, பதவியை விட்டு விலகிய ஒருவரை விசாரிக்க செனட்டுக்கு அதிகாரமில்லை என்று விடுவிப்புக்கு வாக்களித்தார். இம்மூவரையும் "குற்றமே நடக்கவில்லை என்றார்கள்" என்று ஒரே கணக்கில் எழுதுவது தவறு. செய்தித் தலைப்புகள் இதைத்தான் செய்கின்றன.

முதற்படி: நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ் வாசகர்கள் நாடாளுமன்ற ஆட்சிமுறைக்குப் பழகியவர்கள் என்பதால், இங்கு ஒரு தனிக் குழப்பம் வருகிறது. 1999 ஏப்ரல் 17 அன்று, அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதன் பின்னர், வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில் மக்களவையில் வீழ்ந்தது. அந்த வாக்கெடுப்பில் யாரும் எந்தக் குற்றத்தையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. பெரும்பான்மை இல்லை என்பதே போதுமானதாக இருந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, பிப்ரவரி 12 அன்று, கிளிண்டனை விசாரித்த செனட்டில் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்கு 55 இடங்கள், அதாவது தெளிவான பெரும்பான்மையே இருந்தது. ஆனாலும் அவரை அசைக்க முடியவில்லை. அமெரிக்க அதிபர் சபையின் நம்பிக்கையால் பதவியில் இருப்பவர் அல்லர், நான்காண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரை இடையில் அகற்றக் காரணம் வேண்டும், அதுவும் அரசமைப்பு குறிப்பிட்டிருக்கும் காரணமாக இருக்க வேண்டும்.

நடைமுறை இரண்டு கட்டங்களைக் கொண்டது. காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றச்சாட்டுகளை நிறைவேற்றும். இதனால் அதிபர் பதவியை இழப்பதில்லை. அவர் வழக்கம்போல் வேலை பார்ப்பார். பின்னர் செனட் அக்குற்றச்சாட்டுகளை விசாரிக்கும். விசாரிக்கப்படுபவர் அதிபர் என்றால், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தலைமை தாங்குவார். வருகை தந்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்றால்தான் நீக்கம். நூறு பேரும் வந்திருந்தால் 67 வாக்குகள் வேண்டும். இதுவரை பிரதிநிதிகள் சபையால் குற்றம் சாட்டப்பட்ட அதிபர்கள் மூவர்: 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998இல் கிளிண்டன், 2019இலும் 2021இலும் டிரம்ப். நான்கு விசாரணைகளும் விடுவிப்பில் முடிந்தன. ரிச்சர்ட் நிக்சன் இந்தப் பட்டியலில் இல்லை. முழுச் சபை வாக்களிக்கும் முன்பே, 1974 ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவி விலகினார். ஆகவே "அமெரிக்காவில் ஏற்கெனவே அதிபர்கள் நீக்கப்பட்டிருக்கிறார்களே" என்று யாரேனும் தொடங்கினால், அங்கேயே நிறுத்தித் திருத்திவிடுங்கள்.

நீதிமன்றம் வந்து காப்பாற்றும் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். இலங்கை அரசமைப்பில் சனாதிபதி மீதான குற்றச்சாட்டை உச்ச நீதிமன்றம் விசாரித்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். தென்கொரியாவிலோ இறுதி முடிவே அரசமைப்பு நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. 2017இல் பார்க் குன் ஹேயையும் 2025இல் யூன் சுக் யோலையும் நீக்கியது அதுதான். அமெரிக்காவில் செனட்டின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. செனட் விசாரணை நடத்தும் முறை நீதிமன்றங்களின் ஆய்வுக்கு உட்பட்டதன்று என்று 1993இல் ஒரு நீதிபதியின் பதவி நீக்க வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது (கூட்டாட்சி நீதிபதிகளையும் இதே நடைமுறையில்தான் நீக்குவார்கள்).

இரண்டாம் படி: அரசமைப்பின் சொற்களை அவற்றின் பிறப்பிடத்தில் படியுங்கள்

நீக்கத்துக்கான காரணங்களாக அரசமைப்பு தருவது ஒரே வரி: தேசத் துரோகம், லஞ்சம், அல்லது பிற பெருங்குற்றங்களும் தகாச் செயல்களும். விவாதத்தின் பெரும்பகுதி இந்த வரியின் கடைசிப் பாதியைச் சுற்றியே நடக்கும் என்பதால், அது எப்படி உள்ளே வந்தது என்பதை அறிந்திருப்பது பெரும் பலம்.

1787 செப்டம்பர் 8 அன்று பிலடெல்பியா மாநாட்டின் முன்னிருந்த வரைவில் தேசத் துரோகமும் லஞ்சமும் மட்டுமே இருந்தன. ஜார்ஜ் மேசன் எழுந்து, இவ்விரண்டு மட்டும் போதா என்றார். அவர் காட்டிய சான்று நமக்கு அந்நியமானதன்று. சென்னைக் கோட்டையில் ஆலோசனைக் குழு உறுப்பினராக இருந்து, பின்னர் வங்காளத்தின் முதல் தலைமை ஆளுநரான வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது அதே ஆண்டில்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குற்றம் சாட்டியிருந்தது. ஹேஸ்டிங்ஸ் செய்ததாகச் சொல்லப்பட்டது தேசத் துரோகமன்று, ஆயினும் கொடிய அதிகாரத் துஷ்பிரயோகம் என்பது மேசனின் வாதம். எனவே "மோசமான நிர்வாகம்" என்பதையும் காரணமாகச் சேர்க்கலாம் என்றார். ஜேம்ஸ் மேடிசன் மறுத்தார்: இவ்வளவு நெகிழ்வான சொல்லைச் சேர்த்தால் செனட்டுக்குப் பிடித்திருக்கும் வரைதான் அதிபர் பதவியில் இருக்க முடியும். மேசன் தம் சொல்லை விட்டுக்கொடுத்து, இன்றுள்ள தொடரை முன்வைத்தார்; மாநாடு அதை ஏற்றது.

இந்தச் சிறு உரையாடல் இரண்டு பக்கத்தினரின் எளிய வாதங்களையும் ஒருசேரப் பலவீனப்படுத்துகிறது. "சட்டப்புத்தகத்தில் உள்ள குற்றம் எதையும் அவர் செய்யவில்லை, ஆகவே நீக்க முடியாது" என்பது நிற்காது. தொடரைச் சேர்த்ததன் நோக்கமே தண்டனைச் சட்டத்துக்குள் அடங்காத அதிகாரத் துஷ்பிரயோகத்தைப் பிடிப்பதுதான். 1804இல் நீக்கப்பட்ட நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஜான் பிக்கரிங் மீதிருந்த குற்றச்சாட்டுகளில் குடிபோதையில் நீதிமன்றத்தில் அமர்ந்ததும் ஒன்று. அதே வேளையில், "இவர் நாட்டை நாசமாக்கிவிட்டார், பொருளாதாரம் சரிந்துவிட்டது, நீக்குங்கள்" என்பதும் நிற்காது; அந்தக் கதவைத்தான் மேடிசன் சாத்தினார். 1970இல் ஜெரால்ட் ஃபோர்டு, ஒரு நீதிபதிக்கு எதிராகப் பேசும்போது, பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மை எதைத் தக்க குற்றம் என்று கருதுகிறதோ அதுவே குற்றம் என்றார். அதிகாரக் கணக்கில் அது உண்மையாக இருக்கலாம். விவாதத்தில் அதைச் சொல்பவர் தம் வாதத்தைத் தாமே கைவிடுகிறார் என்பது என் கருத்து, ஏனெனில் அதற்குப் பிறகு விவாதிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

மூன்றாம் படி: குற்றச்சாட்டை எழுத்தில் வைத்துப் பேசுங்கள்

அதிபரைப் பற்றிய பொதுவான வெறுப்போ விருப்போ இங்கு உதவாது. சபை வாக்களிப்பது எண்ணிடப்பட்ட குற்றச்சாட்டுகள்மீது. ஒவ்வொன்றுக்கும் தனி வாக்கு. கிளிண்டன்மீது நான்கு குற்றச்சாட்டுகள் பிரதிநிதிகள் சபைக்கு வந்தன. பொய்ச் சாட்சியம் (228–206), நீதிக்கு இடையூறு (221–212) என இரண்டு நிறைவேறின, மற்ற இரண்டும் தோற்றன. எனவே உங்கள் விவாதப் பொருளையும் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்: இந்தத் தேதியில், இந்த அதிகாரத்தை, இந்த நோக்கத்துக்காக அதிபர் பயன்படுத்தினார். அப்படி எழுத வரவில்லை என்றால் விவாதத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை.

எந்தக் குற்றச்சாட்டு தாங்கும், எது தாங்காது என்பதைக் கற்க 1974 ஜூலை இறுதியில் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு நடந்துகொண்ட விதத்தைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. நிக்சன்மீதான ஐந்து குற்றச்சாட்டுகளில் மூன்றை அது ஏற்றது: எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த ஊடுருவல் பற்றிய வாட்டர்கேட் விசாரணைக்கு இடையூறு (27–11), அரசு அமைப்புகளைச் சொந்த எதிரிகளுக்கு எதிராக ஏவிய அதிகாரத் துஷ்பிரயோகம் (28–10), குழுவின் அழைப்பாணைகளை மதிக்காமை (21–17). இரண்டை நிராகரித்தது, இரண்டுமே 12–26 என்ற ஒரே கணக்கில் விழுந்தன. ஒன்று, கம்போடியாவில் குண்டுவீசியதைக் காங்கிரசிடமிருந்து மறைத்தது. மற்றொன்று, வருமான வரி முறைகேடு. மனித உயிர்களின் கணக்கில் பார்த்தால் கம்போடியா மற்ற நான்கையும்விடப் பெரியது. ஆனால் அந்தப் போரில் காங்கிரசுக்கும் பங்குண்டு, போர்க் கொள்கைக்காக ஓர் அதிபரை நீக்கும் முன்னுதாரணம் ஆபத்தானது என்ற தயக்கம் வென்றது. வரி விவகாரம் நிரூபிக்க எளிதானது. ஆனால் அது பதவியின் அதிகாரத்தைத் திருப்பிவிட்ட செயலாக இல்லாமல் தனிமனித ஒழுக்கக்கேடாகவே பலருக்குப் பட்டது. கம்போடியா பற்றிய முடிவு எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. ஆயினும் கொடுமையின் அளவும் குற்றச்சாட்டின் தகுதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1868ஆம் ஆண்டு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைகளுக்கு ஆண்ட்ரூ ஜான்சன் முட்டுக்கட்டையாக நின்றார் என்பதே காங்கிரசின் உண்மையான கோபம். ஆனால் பதினொரு குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை, செனட்டின் ஒப்புதலின்றிப் போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனை நீக்கியதைப் பற்றியே பேசின. அதைத் தடைசெய்த சட்டத்தைக் காங்கிரசே முந்தைய ஆண்டில் அதிபரின் மறுப்பாணையை மீறி இயற்றியிருந்தது. சொல்ல நினைத்தது ஒன்று, எழுத்தில் வைத்தது வேறொன்று. 35–19 என்று, ஒரே வாக்குக் குறைவில் ஜான்சன் தப்பினார். அந்தச் சட்டம் 1887இல் நீக்கப்பட்டது. 1926இல் உச்ச நீதிமன்றம் அது அரசமைப்புக்குப் புறம்பானதாகவே இருந்ததென்றும் கூறியது. எளிதில் நிரூபிக்கலாம் என்பதற்காக ஒரு சிறு மீறலைப் பிடித்துக்கொண்டு பெரிய குற்றத்தை வெளியே விடுவது, விவாதிப்பவர்களும் அடிக்கடி விழும் பள்ளம்.

நான்காம் படி: சான்றுகளைத் தரம் பிரியுங்கள்

செனட்டில் நிரூபணத்துக்கென்று வகுக்கப்பட்ட அளவுகோல் இல்லை. குற்றவியல் நீதிமன்றங்களில் உள்ளதுபோல் நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும் என்ற விதியை ஏற்கும்படி 1986இல் ஒரு நீதிபதியின் விசாரணையில் கோரப்பட்டபோது, செனட் அதை நிராகரித்து, முடிவை ஒவ்வோர் உறுப்பினரின் மனச்சான்றுக்கும் விட்டது. ஆகவே உங்கள் அளவுகோல் என்ன என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. அடுத்து, கையில் உள்ளவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: அதிபரின் சொந்தச் சொல் அல்லது ஆவணம், பிறர் சத்தியப் பிரமாணத்தின் பேரில் அளித்த சாட்சியம், இவற்றிலிருந்து நாம் ஊகிப்பது. 2019இல், ஜூலை 25 அன்று உக்ரைன் அதிபர் ஸெலன்ஸ்கியிடம் டிரம்ப் தம் அரசியல் போட்டியாளர் ஜோ பைடன்மீது விசாரணை கோரிப் பேசிய தொலைபேசி உரையாடலின் பதிவுக் குறிப்பை வெள்ளை மாளிகையே வெளியிட்டது. அது முதல் வகை. ராணுவ உதவி நிறுத்திவைக்கப்பட்டது குறித்து அதிகாரிகள் சொன்னது இரண்டாம் வகை. உதவியை நிறுத்தியதன் உள்நோக்கம் பெரும்பாலும் மூன்றாம் வகை. உண்மையான சண்டை அங்கேதான் நடந்தது. மேலும் சாட்சிகளை அழைக்க வேண்டாம் என்று செனட் 51–49 என முடிவெடுத்ததால், அந்தச் சண்டை தீர்க்கப்படாமலே நின்றது.

ஐந்தாம் படி: பெயரை மாற்றிப் பாருங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நீங்கள் எழுதிய வாக்கியத்தில் அதிபரின் பெயரை நீக்கிவிட்டு, எதிர்க்கட்சி அதிபரின் பெயரை இடுங்கள். உங்கள் தீர்ப்பு மாறினால் நீங்கள் பேசுவது கட்சி. இந்தச் சோதனையில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1999இல் கிளிண்டனுக்கு எதிரான வழக்கைச் செனட்டில் நடத்திய குழுவில் இருந்த லிண்ட்சி கிரகாம், 2020இல் டிரம்பின் உறுதியான காவலர்களில் ஒருவர். 1998இல் ஒரு கட்சியின் ஆதரவோடு மட்டும் குற்றம் சாட்டுவது கூடாதென்று எச்சரித்த ஜெரால்ட் நாட்லர், 2019இல் அத்தகைய வாக்கெடுப்பை நோக்கிச் சென்ற நீதித்துறைக் குழுவின் தலைவர்.

ஆறாம் படி: நீக்கம்தானா தீர்வு என்று கேளுங்கள்

முதல் இரண்டு கேள்விகளுக்கும் "ஆம்" என்று வந்தால்தான் இங்கு வர வேண்டும். மாற்று வழிகளைச் சரியாகத் தெரிந்துவைத்திருங்கள். கண்டனத் தீர்மானம் ஒன்று. 1834இல் செனட் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்தது, 1837இல் அவருடைய ஆதரவாளர்கள் பெரும்பான்மை பெற்றதும் அதைக் குறிப்பேட்டிலிருந்தே அடித்துவிட்டார்கள். அரசமைப்பின் 25ஆம் திருத்தம் இயலாமைக்கு உரியது, குற்றத்துக்கு உரியதன்று. குற்றவியல் வழக்கைப் பொறுத்தவரை, பதவியில் இருக்கும் அதிபர்மீது வழக்குத் தொடர முடியாது என்பதே 1973 முதல் நீதித்துறை அமைச்சகத்தின் நிலைப்பாடு. "நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்" என்பவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். "தேர்தல் வருகிறதே" என்ற வாதம், குற்றச்சாட்டே தேர்தலில் முறைகேடு செய்வதைப் பற்றியதாக இருக்கும்போது வலுவிழக்கிறது. மற்ற வேளைகளில் அதற்கு எடையுண்டு.

"மக்கள் தீர்ப்பைக் கவிழ்க்கிறீர்கள்" என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. நீக்கப்பட்ட அதிபரின் இடத்துக்கு வருபவர் துணை அதிபர். பெரும்பாலும் அதே கட்சிக்காரர், அதே தேர்தலில் வென்றவர். 1868இல் துணை அதிபர் இல்லாததால், ஜான்சன் நீக்கப்பட்டிருந்தால் செனட்டின் இடைக்காலத் தலைவர் பெஞ்சமின் வேட் அதிபராகியிருப்பார்; அவரும் "குற்றவாளி" என்று வாக்களித்தார். அன்றைய நிலையில் மக்கள் தீர்ப்பு கவிழும் என்ற மறுப்பு நியாயமானதே. "செனட்டில் 67 வாக்கு கிடைக்காது" என்பது வேறு வகை வாதம். அது நிகழப்போவதைப் பற்றிய கணிப்பு. நிகழ வேண்டியதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இரண்டையும் யாராவது கலந்தால் பிரித்துக் காட்டுங்கள்.

நீக்கத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். வருங்காலத்தில் பதவி வகிக்கத் தடைவிதிப்பதற்குச் செனட் தனியாக வாக்களிக்க வேண்டும். 1989இல் நீக்கப்பட்ட நீதிபதி அல்சி ஹேஸ்டிங்ஸுக்கு அத்தடை விதிக்கப்படவில்லை; 1992இல் அவர் பிரதிநிதிகள் சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 2021இல், பதவிக்காலம் முடிந்த பின்னும் விசாரிக்கலாம் என்று செனட் 56–44 என முடிவெடுத்ததில் இந்தத் தடைக்கும் பெரும் பங்குண்டு.

ஏழாம் படி: பேசும்போது

ஆதரித்துப் பேசுபவருக்கு 1974 ஜூலை 25 அன்று நிக்சனை விசாரித்த நீதித்துறைக் குழுவில் டெக்சாசின் பார்பரா ஜோர்டன் கையாண்ட முறையைப் பரிந்துரைப்பேன். அதிபரைத் திட்டாமல், அரசமைப்பை இயற்றியவர்களும் அதை ஏற்ற மாநிலங்களின் பேராளர்களும் எதை நீக்கத்துக்கு உரியதென்றார்கள் என்பதை முதலில் வாசித்தார். அடுத்து அதற்கு நேராக நிக்சனின் செயலை வைத்தார். பிறகு அடுத்த அளவுகோலுக்குப் போனார். எதிர்த்துப் பேசுபவருக்கு முன்மாதிரி, அதே குழுவில் கலிபோர்னியாவின் சார்லஸ் விக்கின்ஸும் நியூ ஜெர்சியின் சார்லஸ் சாண்ட்மனும். எந்த நாளில், யாரிடம், என்ன சொன்னார் என்று துல்லியமாகச் சொல்லுங்கள் என்று அவர்கள் விடாமல் கேட்டபோது, மலைபோல் சான்று வைத்திருந்த மறுதரப்பு முதலில் திணறித்தான் போனது; பின்னர் விவரங்களோடு திரும்பி வந்தது. வழக்கு அதனால் வலுப்பெற்றது.

கடைசியாக, எந்தச் சான்று வந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். எதிரில் இருப்பவரிடமும் கேட்டு வாங்குங்கள். விக்கின்ஸும் சாண்ட்மனும் நேரடிச் சான்று கேட்டார்கள். வாட்டர்கேட் விசாரணையை நிறுத்த உளவுத்துறையைப் பயன்படுத்த நிக்சன் ஒப்புக்கொண்ட 1972 ஜூன் 23 உரையாடல், உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் ஆகஸ்ட் 5 அன்று வெளியானது. அதன்பின் அவ்விருவரும், குழுவில் எதிர்த்து வாக்களித்திருந்த மற்றக் குடியரசுக் கட்சியினர் அனைவரும், நீதிக்கு இடையூறு செய்த குற்றச்சாட்டை முழுச் சபையில் ஆதரிக்கப்போவதாக அறிவித்தார்கள்.